உயரம் தாண்டும் பெண்ணும் என் வலது இமையும்

தோஹாவின் கடற்கரைச் சாலை ஒரு மாலை எனக்கு இரண்டாகத் தெரிந்தது. முன்னால் போன காரும் இரண்டு. வலது கண்ணைக் கையால் பொத்தினால் எல்லாம் ஒன்றாகிவிட்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, கண்ணைப் பொத்தியபடியே வேனை ஓட்டினேன்.

வேனில் ஒரே பயணி, தடகளப் போட்டிக்கு வந்திருந்த உக்ரைன் நாட்டு உயரம் தாண்டும் வீராங்கனை. ஓட்டலில் அவரோடு படம் எடுக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்ன பிறகு திரும்பி வந்து பதக்கம் வாங்கியவராம். பயிற்சி முடிந்து முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஸ்டாப்" என்றார். ஓரம் கட்டினேன். இறங்கி டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை எங்கள் சூப்பர்வைசர், தஞ்சாவூர்க்காரர், கூப்பிட்டார். "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறியாமே? அந்தம்மா சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட போயி சீட்டு வாங்கிட்டு வா. இல்லேன்னா கலாஸ், வேல முடிஞ்சுது."

டிரைவர் விசாவில் வந்தவனுக்கு ஸ்டியரிங் இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் கெட்டவர் தாண்டலாம், நான் ஓட்டக்கூடாதா?

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கண் பளிச்சென்று இருந்தது. மதுரைக்கார டாக்டர், "ஒண்ணும் தெரியலையே தம்பி. சாயங்காலம் வாங்க" என்றார். சாயங்காலம் இமை தானாகத் தொங்கியது. ரப்பர் கையுறையில் ஐஸ் போட்டு இமைமேல் வைத்தார். எடுத்ததும் இமை ஏறிக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) என்றார். உழைத்தால் பலம் வடியும், ஓய்வெடுத்தாலும் குளிர் பட்டாலும் திரும்பும்.

"அப்ப நான் நோயாளியா இல்லையா சார்?"

"காலையில இல்ல. சாயங்காலம் ஆமா. மாத்திரையில கட்டுப்படும். இப்போதைக்கு வண்டிய தொடாதீங்க."

சோதனைகளுக்காகப் படுக்கவைத்தார்கள். வார்டு டிவியில் போட்டி ஓடியது. அந்த வீராங்கனை சின்ன உயரங்களைத் தாண்டாமலே விட்டுவிட்டு (அப்படி விடலாமாம்), முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். பயந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பெரிய உயரம் வந்ததும், மிச்சம் பிடித்த பலத்தோடு எழுந்து தாண்டினார். அரங்கமே எழுந்து நின்றது. நானும் கைதட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றும் புரியவில்லை. இதே நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மதியம் படுத்தால் சோம்பேறி என்பார்கள். பரவாயில்லை, படுங்கள்.

கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பவில்லை. விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடிக்க நிறுத்தியது, அதுவும் காலை டியூட்டி மட்டும். அடுத்த ஆண்டு அவர் மறுபடி வந்தார். தன் நாட்டின் உயர்ந்த விருது வாங்கியிருந்தாராம். பூங்கொத்து, கேமரா, தள்ளுமுள்ளு. கூட்டத்தில் என்னைக் கண்டதும் நேராக வந்தார். முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்" என்றேன்.

சிரித்துக் கை குலுக்கினார். கேமராக்கள் எங்கள் இருவரையும் படம் எடுத்தன. சாயங்காலம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.