தேதியம்மாவின் நான்கு மாதம்

பதிவு அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் தேதியம்மாதான். இருபத்தெட்டு வருஷம், தினமும் காலையில் முத்திரைக் கட்டையில் தேதியைத் திருப்பிவைத்து, ஒரு பழைய தாளில் குத்திப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. யாராவது தேதியைத் தப்பாகப் போட்டு மனு கொண்டுவந்தால் தீர்ந்தது. வரிசையில் நிற்பவர்கள் எல்லார் முன்னாலும் அடித்துத் திருத்தச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் விடுவாள்.

கல்யாணம் அவளுக்குக் கூடிவரவில்லை. அப்பா, அம்மா போன பிறகு சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே தங்கைதான். அவளோ கடல் கடந்து, ஓர் ஓட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கப் போனவள். கட்டியவன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். பிள்ளை இல்லை. இப்போது சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தேதியம்மா ஓய்வு பெற்ற மறுமாதமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

வந்து இறங்கியது ஜனவரியில். ஏப்ரல் முதல் வாரத்துக்குத் திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது. தங்கையின் ஒற்றை அறைக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். எந்த ஊர் முத்திரையாக இருந்தாலும் அதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. 04 08 வரை தங்கலாம் என்று குத்தியிருந்தது.

"ஆகஸ்ட் நாலு வரைக்கும் குடுத்திருக்காங்கடி. நல்ல மனசுக்காரங்கதான்."

தங்கை பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படின்னா டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடுக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அப்படித்தான் தள்ளிப்போனது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் தங்கை துவண்டுபோய்த் தூங்கிவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டிடத்தின் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. தேதியம்மாவுக்கு அந்த ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. கடைக்குப் போனால் சாமானைத் தொட்டுக் காட்டுவாள், வாங்குவாள், வருவாள். அவளிடம் வலியப் பேசியது லிஃப்ட் ஒன்றுதான். மாடி வரும்போதெல்லாம் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். ஆள் இல்லாத நேரத்தில் இவளும் "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டு இறங்குவாள். பகலெல்லாம் அவ்வளவு தனிமை. சாயங்காலம் தங்கை விழித்ததும் இரண்டு பேரும் விளக்கை அணைக்கவில்லை, குழாயைச் சரியாக மூடவில்லை என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டைக்காகவே அவள் பகலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி கிளம்பினாள். கெடுவுக்கு ஒரு நாள் கையிருப்பு வைத்துக் கிளம்பியதில் அவளுக்குப் பெருமைதான். அன்றைக்குப் பார்த்துத் தங்கைக்கு டயாலிசிஸ். கையில் குழாய்களோடு சாய்ந்து கிடந்தவளின் நெற்றியைத் தடவிவிட்டு, "போயிட்டு வரேன். ஊர்ல வேலையெல்லாம் முடிச்சுட்டு ஜனவரில திரும்ப வந்துடுவேன்" என்றாள்.

"ம்" என்றாள் தங்கை. 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. அசதி என்று தேதியம்மா நினைத்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி அவளைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு தாளில் கையெழுத்தும் தேதியும் கேட்டார். வழக்கம்போல் 03 08 என்று எழுதினாள். அவர் தலையை ஆட்டி, அதை அடித்துவிட்டு, 08 03 என்று மாதத்தை முன்னால் எழுதச் சைகை காட்டினார். பக்கத்தில் கையெழுத்தும் கேட்டார். பேனாவைப் பிடித்தபடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மேசைக் காலண்டரைப் புரட்டி ஏப்ரல் எட்டின் மேல் விரல் வைத்தார். பிறகு காலண்டரில் வருஷத்தைத் தொட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, வரக்கூடாது என்று கையை ஆட்டினார். ஐந்து வருஷம் இந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. எங்கே தடுக்கி விழுந்தாலும் தேதியில் விழமாட்டேன் என்று இருந்தவள் அவள்.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"தப்பு பண்ணிட்டேன்டி. அது ஆகஸ்ட் நாலு இல்ல, ஏப்ரல் எட்டு. அஞ்சு வருஷம் வர முடியாதாம்."

அந்தப் பக்கம் டயாலிசிஸ் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்க்கா. அன்னைக்கே பாத்தேன்."

"தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. எப்படியாவது உன்கூட இருந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா ஏப்ரல்லயே கிளம்பியிருப்ப. நீ தேதியம்மாவாச்சே. நாள் தவறி வந்தவங்கள என்னைக்காவது விட்டிருக்கியா?" தங்கை மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஜனவரில நீ வரப்போ நான் இருப்பனோ என்னமோ. அதான் கிடைச்ச நாலு மாசத்த எடுத்துக்கிட்டேன். உன்ன இப்படி மாட்டிவிட்டுட்டேன். என்னைத் திட்டுக்கா."

தங்கை சொன்னது நிஜம். ஏப்ரல் எட்டு என்று தெரிந்திருந்தால் ஆறாம் தேதியே கிளம்பியிருப்பாள். இரண்டு நாள் கையிருப்பு என்று அதற்கும் பெருமைப்பட்டிருப்பாள். திட்டவும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை டப்பா அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு."

"சரிக்கா."

"குழாயைச் சரியா மூடு."

"சரிக்கா."

அதிகாரி கதவைத் திறந்துவைத்து நின்றார். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"போயிட்டு வரேன்டி" என்றாள் தேதியம்மா.

"போயிட்டு வாக்கா" என்றாள் தங்கை.