முதல் குடம்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும். நெல் ஊறிய தொட்டியைத் திறந்தால் குப்பென்று அடிக்குமே ஒரு புளித்த நாற்றம், அதோடு முதலில் நீளமாக ஒரு பெருமூச்சு, பிறகு சளி கட்டியவர் இருமுவதுபோல் விட்டுவிட்டு இருமல், அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம் துப்பல், இத்தனையும் ஆன பிறகுதான் எங்கள் திண்டிவனத்து ‘மில் லைன்’ குழாயில் தண்ணீர் விழத் தொடங்கும். விடியற்காலையில் பாயில் சுருண்டு கிடந்தபடி அதைக் கேட்கும்போது, வாசலில் யாரோ வந்து உட்கார்ந்து நாங்கள் எழுந்திருக்கக் காத்திருப்பதுபோலவே எனக்குத் தோன்றும். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வேன்.

இது எண்பதுகளில், நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. நெல் அவிக்கும் மில்லின் முதலாளி ஒருவர் தன் ஆட்களுக்காக மில்லை ஒட்டி வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ஓட்டு வீடுகளுக்குத்தான் ‘லைன்’ என்று பெயர். என் அப்பா மில் லாரி ஓட்டினார். மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மில் கிணற்றுத் தண்ணீரை மேலே ஒரு தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து ஒரே ஒரு இரும்புக் குழாயை லைன் நெடுகப் புதைத்து, நாலு வீட்டுக்கு ஒரு குழாய் என்று வைத்திருந்தார்கள். மில்லில் நெல் ஊறிய தண்ணீரும், பின்னாலிருந்த கக்கூஸ்களின் கழிவும் சேர்ந்து ஓடும் சாக்கடை அந்தக் குழாயின் தலைமேலேயே போனது. அதில் ஏதாவது தப்பு இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. குழாய் வைத்துக் கொடுத்தாரே என்று முதலாளியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

விடிகாலையில் மூச்சு விட்ட குழாய், வெயில் ஏறியதும் தொட்டியின் வால்வை மூடிவிட்டால் மூச்சை உள்ளே இழுக்கும். எங்கள் வாசல் குழாய் மேட்டில் இருந்தது. மிச்சத் தண்ணீரைப் பள்ளத்துக் குழாய்கள் இழுத்துக்கொள்ள, மேட்டில் காற்று உள்ளே போகிறது என்பது இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்கு அது உயிருள்ள ஒன்றாகவே இருந்தது. உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தால் சதையைக் கவ்வி இழுக்கும்; கையைப் பிடுங்கினால் வட்டமாகச் சிவந்திருக்கும். ஓலைத்துண்டு, காகிதம், நூல் என்று எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். பெரியவர்கள் கண்டால் திட்டுவார்கள். “கைய வெக்காதீங்கடி, உசுர இஸ்துகினு போயிடும்” என்பார்கள். மில் கிணற்றில் எப்போதோ களத்துமேட்டு வேலைக்காரி ஒருத்தி தவறி விழுந்து செத்தாளாம், அவள் மூச்சுதான் குழாயில் வருகிறதாம். இதைச் சொன்னவர்களும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள், வேறு வழி ஏது.

அந்த வருடம் கோடைக்கு முன்பு மல்லிகா சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. முகையூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகுநாள் வயிறு திறக்காமல், கோயில் கோயிலாகச் சுற்றி, அப்புறம் உண்டானவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும், தாயோ எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. ஆகவே வளையல் அடுக்கிய கையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். அந்த ஒற்றை அறையில் அவளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அம்மா நடந்த நடை இருக்கிறதே, மகாராணியைக் குடிவைத்ததுபோலத்தான். எனக்கோ சித்தி என்றால் உயிர். அவளுடைய வயிற்றில் காதை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். விடியற்காலையில் குழாய் பெருமூச்சு விடும்போது சித்தி என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள். “கொழாய் மூச்சு வுட்டா உள்ள இது ஒதைக்குது பாரு” என்று சிரிப்பாள். நிஜமாகவே உதைத்தது.

லைன் முழுக்க முதல் தண்ணீருக்குத்தான் போட்டி. ராத்திரியே குடங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். முந்திப் பிடிப்பதுதான் சுத்தம், பிந்தி வருவது அடித்தண்ணீர் என்று ஒரு நம்பிக்கை. அதற்காகக் குடங்கள் நெளிந்திருக்கின்றன, முடியைப் பிடித்துச் சண்டை நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சித்தி வந்த மறுநாளே ராணி அத்தை ஒரு காரியம் செய்தாள். அடுத்த வீட்டுக்காரி, மில்லில் நெல் துழாவும் வேலை, வாயைத் திறந்தால் ஊர் கூடிவிடும். ஆனால் மனசு வெல்லம். வரிசையில் முதலாவதாக இருந்த தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு எங்கள் குடத்தை அங்கே வைத்தாள். “வாயும் வயிறுமா நிக்கிற பொண்ணு. மொதக் குடம் அதுக்குத்தான், அப்பறந்தான் நாம” என்றாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து குழாய் இருமி முடித்ததும் விழுகிற முதல் குடத்தை ராணி அத்தையே பிடித்து, எங்கள் வாசற்படி ஏறி, சித்தியின் மூலையில் இறக்கி வைத்துவிட்டுப் போவாள். அந்தக் குடத்திலிருந்து எங்களுக்கு ஒரு வாய்கூட அம்மா கொடுத்ததில்லை.

வெயில் ஏற ஏற லைனில் மஞ்சள் காமாலை புகுந்தது. முதலில் பள்ளத்து வீட்டில் ஒரு பையன், அப்புறம் அவன் அத்தை, அப்புறம் நடுலைனில் மூட்டை தூக்குகிறவர். வீடு வீடாக, வரிசை தப்பாமல், யாரோ கதவைத் தட்டிக்கொண்டு வருவதுபோல வந்தது. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் முதலில் கண்ணைப் பார்த்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துக் குடித்தார்கள். உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினார்கள். கிணற்றில் விழுந்தவளுக்குக் காரியம் சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் ஆள் கேட்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பி, குழாயின் கழுத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டினார்கள். துணி கட்டிய பிறகு அது குழாயாகவே தெரியவில்லை. நாங்கள் அதன் வாயில் கை வைப்பதை அடியோடு விட்டுவிட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் வாளி காலியானது. என் வெள்ளைச் சட்டைகளுக்குப் போட அம்மா குழாயடியில் வாளி நிறைய நீலம் கரைத்து வைத்திருந்தாள். குழாயில் மாட்டியிருந்த ரப்பர் ட்யூபின் நுனி அந்த வாளிக்குள்ளேயே கிடந்தது. உள்ளே அடுப்பைப் பார்க்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால் வாளியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. வாளியில் ஓட்டை இல்லை, தரையில் ஈரம் இல்லை. அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள், நான் தொடவில்லை என்றேன். நிஜமாகவே தொடவில்லை. குழாயின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி லேசாக ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் பள்ளத்திலிருந்து அலறல். ஓடிப்போய்ப் பார்த்தோம். அங்கே முதலில் பிடித்த குடத்தில் தண்ணீர் வெளிர்நீலமாக இருந்தது. பிடித்த பெண் குடத்தை விட்டு விலகி நின்றாள். யாரோ கற்பூரம் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா மட்டும் குனிந்து, ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வீட்டுக்குப் போகாமல் அவள் குழாய் போகிற தடத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டையும் தாண்டி மில் சுவர்வரை போனாள். கக்கூஸ் தண்ணீர் வந்து கலக்கும் இடம் அது. அப்போதுதான் மேலே தொட்டியின் வால்வை மூடினார்கள் போலிருக்கிறது. சாக்கடையில் மிதந்துகொண்டிருந்த ஒரு வேப்பிலை நின்றது; நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற ஆரம்பித்தது; சுற்றிச் சுற்றி, காற்றே இல்லாத அந்தக் காலையில், யாரோ அடியிலிருந்து இழுத்ததுபோல் சட்டென்று உள்ளே போய்விட்டது. இன்றைக்கும் நான் பயந்து விழித்துக்கொள்கிற கனவுகளில் பேய் பிசாசு எதுவும் வருவதில்லை, அந்த இலைதான் வருகிறது.

எங்கள் வாளி நீலத்தை விழுங்கிய குழாய் இந்தச் சாக்கடையையும் விழுங்குகிறது, விழுங்கியதை விடியற்காலையில் முதல் குடத்தில் கக்குகிறது. அம்மா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது சித்தி சுவரில் சாய்ந்து, அன்றைய முதல் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொம்பைத் தட்டிவிட்டாள். சித்தி பயந்துபோய் அழுதாள்.

அன்றே அம்மா முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றாள். அறுவடை நெல் வந்து குவிகிற சமயம், அது முடிந்ததும் தோண்டிப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுநாள் ராணி அத்தை வழக்கம்போல முதல் குடத்தைக் கொண்டுவந்தபோது அம்மா அதை வாங்கி வாசலிலேயே கவிழ்த்தாள். குழாயில் ஓட்டை இருக்கிறது, சாக்கடை உள்ளே போகிறது, காய்ச்சிக் குடியுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னாள். நீலம் உன் வீட்டு ட்யூப் வழியாகப் போனது, அதற்கு லைனையே பயமுறுத்துகிறாயே என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். விறகு விற்கிற விலையில் குடிதண்ணீரைக் காய்ச்சுவதாவது என்று சிரித்தவர்களும் உண்டு. ராணி அத்தை சண்டைக்கு வரவில்லை. காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “நா ஆசையாக் குடுத்தத தரையில ஊத்திட்டியேக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவின் பதற்றம் வீணாகவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குள் குடிக்கவேண்டியதைச் சித்தி குடித்து முடித்திருந்தாள். கொஞ்ச நாளில் சோறு பிடிக்கவில்லை என்றாள், வாந்தி எடுத்தாள், பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்றார்கள். ஒரு காலையில் தலை பின்னிவிட வெளிச்சத்தில் உட்கார வைத்த அம்மா, அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பியபடி அப்படியே நின்றுவிட்டாள். சித்தியின் கண் மஞ்சளாக இருந்தது. அப்பா லாரியிலேயே விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வந்து போகிற காமாலை வயிற்றில் பிள்ளை இருப்பவளை விடாது என்று அங்கேதான் தெரிந்தது. சித்திக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. அம்மா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். “இது நல்லா இல்லக்கா. நம்ம கொழாய் மொதத் தண்ணி கொண்டாந்து குடு” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். குழந்தை குறைமாதத்தில் பெண்ணாகப் பிறந்து, பிழைத்தது. சித்தி அதன் முகத்தைப் பார்த்தாளா என்று நான் எத்தனையோ முறை கேட்டும் அம்மா கடைசிவரை எனக்குப் பதில் சொன்னதில்லை.

துக்கம் கேட்க லைனே வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. ராணி அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “தெனம் மொதக் குடத்த அவளுக்குத்தானே வுட்டுக் குடுத்தேன். என் கையால புடிச்சிக் குடுத்தேனே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். “ஆமா ராணி, யாரு குடுப்பாங்க அந்த மாரி” என்றாள் அம்மா. அப்புறம் அடுப்பங்கரையில் என்னைத் தனியாக நிறுத்தி, முதல் குடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் அம்மாவின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அது தணிய எனக்கே ஒரு பிள்ளை பிறக்கவேண்டியிருந்தது.

முதலாளி அதன்பிறகு தோண்டினார். குழாய் துருப்பிடித்து, விரல் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. புதுக் குழாயும் மூச்சு விட்டது, ஆனால் அந்த நாற்றம் இல்லை.

போன மாதம் சித்தியின் மகள் கவிதாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முகையூரில் அப்பன் வீட்டில் வளர்ந்து, இப்போது விழுப்புரத்தில் வேலை பார்க்கிறாள். தன் அம்மா இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. மில் இடிந்து மனைகளாகிவிட்டது, தொட்டி இல்லை, சாக்கடை சிமெண்டுப் பலகைக்கு அடியில் போய்விட்டது, வீட்டுக்கு வீடு வாசலில் கேன் தண்ணீர். குடம் வைத்து வரிசை பிடித்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் அம்மாவும் இல்லை. ராணி அத்தை மட்டும் பள்ளத்தில் மகன் வீட்டில் இருந்தாள். கவிதாவைப் பார்த்ததும் யார் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைத் தடவித் தடவி, “ஒங்க அம்மாவுக்குத் தெனமும் மொதக் குடம் நாந்தான் புடிச்சிக் குடுப்பேன். வேற யாரையும் தொடவுட மாட்டேன்” என்றாள். அம்மாவின் நினைவாக ஒரு போட்டோவைத் தவிர வேறெதுவும் இல்லாத பெண், அந்தக் கிழவியின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கவிதா, “மொதக் குடம்னா அவ்ளோ ஒசத்தியாக்கா?” என்று கேட்டாள்.

“ஆமாண்டி. அதுக்கு லைன்ல பெரிய சண்டையே நடக்கும்” என்றேன்.