கண்ணை மூடாத ஜெபம்

இன்று கோவில்பட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் ஊரை விசாரித்தார். எப்போதும்வென்றான் என்றேன்.

"அங்கன பட்டாளத்து சார்வாளைத் தெரியுமா?"

"எங்க அப்பாதான் அண்ணாச்சி."

அறுபதுகளில் அப்பாவிடம் படித்தவராம்.

"பள்ளிக்கூடத்துல ஜெபம் பண்ணும்போது சார்வாள் மட்டும் கண்ண மூட மாட்டாவ. வீட்டுலயும் அப்படித்தானா தங்கச்சி?"

அப்படித்தான். சாப்பாட்டு ஜெபத்துக்கு எங்களை மூடச் சொல்லிவிட்டு அவர் திறந்தே வைத்திருப்பார். பிள்ளைகள் கருவாட்டில் கை வைத்துவிடாமல் காவல் காக்கிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"நான் கேட்டுட்டேம்லா. பர்மா சண்டையில மத்தவிய ஜெபம் பண்ணும்போது ஒருத்தர் துப்பாக்கியோட முழிச்சு நிக்கணுமாம். அது சார்வாளாம். 'பழகிட்டுலே, இப்ப மூட வரமாட்டேங்கு'ன்னாவ."



தொண்ணூறு தாண்டி, கடைசி நாளில் பாஸ்டர் ஜெபித்தபோது அப்பா கண்ணை மூடினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நின்றோம். உயிர் போய்விட்டதென்று அக்கா அலறினாள்.

"ஏட்டி, ஜெபம் இன்னும் முடியல" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

காவலுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ.

இறங்கும்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "ஆமா அண்ணாச்சி, எல்லாரும் கண்ண மூடியிருக்கையில, அவிய திறந்திருந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ, அப்படித்தான்."

ஜெபத்தில் ஓரக்கண்ணால் பார்த்த மற்றவர்களும் கமென்டில் வந்து ஒத்துக்கொள்ளலாம்.