கேமராவுக்குக் காட்டாத முகம்

முகத்தில் பரு வந்தால் யாரோ நம்மை நினைத்து உருகுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால், என் இருபத்தெட்டாவது வயதில் பெங்களூரில் ஈஜிபுராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் உள்ள ஆண்கள் மொத்தமும் எனக்காக உருகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். உண்மையில் உருகிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். அதுவும் ஒரு குரலுக்காக.

அந்தக் குரல் கோயம்புத்தூரில் இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பார்க்கிறவர்கள். அவர் அந்த ஊர்க் கிளையில், நான் பெங்களூரில், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ மீட்டிங். அவர் கேமரா எப்போதும் ஆன், என்னுடையது எப்போதும் ஆஃப். கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்பேன். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி, எனக்கு மட்டும் ஒரு வருடமாக நெட்வொர்க் சரியாகவில்லை. என் பெயருக்குப் பக்கத்திலிருந்த வட்டத்துக்குள் மூன்று வருடத்துக்கு முந்தைய, பரு இல்லாத முகம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. மீட்டிங் முடிந்ததும் வேலை விஷயமாக என்று ஆரம்பித்து அரை மணி நேரம் போனில் பேசுவோம். ஒருநாள் முழுக்க உளுந்து வடைக்கு ஓட்டை எதற்கு என்று பேசியிருக்கிறோம். போனை வைத்த பிறகு காரணமே இல்லாமல் வீட்டுக்குள் இரண்டு சுற்று நடப்பேன்.

ஒருநாள் அவர் சொன்னார். "எனக்கு பெங்களூருக்கு மாத்தல் ஆயிருச்சுங்க. அடுத்த மாசம் மொத திங்கக்கெழம உங்க ஆபீஸ்ல இருப்பனுங்க."

சந்தோஷத்தில் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். கட்டிலுக்கு நேர் எதிரே பீரோக் கண்ணாடி. குதிப்பது நின்றுபோனது. கன்னத்தில் ஏழு, நெற்றியில் நான்கு, தாடையில் தோலுக்கு அடியிலேயே உட்கார்ந்து புடைத்துக்கொண்டு இரண்டு. அந்தத் திங்கட்கிழமைக்கு ஐந்து வாரம் இருந்தது. வட்டத்துக்குள் சிரிக்கிற முகத்தை அதற்குள் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் வாசலிலேயே ஏமாந்து போவார், நான் அங்கேயே செத்துப்போவேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான், சூடு. "ஒடம்பு சூடுடி. முட்டைய நிறுத்து, மாம்பழத்த நிறுத்து, மொதல்ல அந்த போன நிறுத்து." போனிலிருந்து எப்படி அம்மா சூடு வரும் என்றால், "காதுல வச்சு பாரு, தெரியும்" என்றாள். பயத்தமாவு, வேப்பிலை, ரோஜா இதழ் என்று அவள் அரைத்துக் கொடுத்ததையெல்லாம் ஒரு வாரம் பூசினேன். வேப்பிலை வாசனையில் எனக்கே என் பக்கத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. பருக்கள் அசையவில்லை.

பிறகு மாடி வீட்டு அக்கா வந்தாள். பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள், பேச்சில் கன்னடம் எட்டிப்பார்க்கும். ஒரு சின்ன ட்யூபை என் கையில் திணித்தாள். "சும்னே யோசிக்காத. பூசிட்டு படு. நம்ம தெருவே இதத்தான் பூசுது. ஒரே வாரம், மூஞ்சி பல்ப் மாதிரி எரியும்." தெருவைப் பற்றி அவள் சொன்னது நிஜம். மருந்துச் சீட்டே இல்லாமல் கடையில் கேட்டால் தருவார்கள். ஒரு வீட்டில் மூடி திறந்தால், கறிவேப்பிலை மாதிரி மூன்று வீட்டுக்கு அது கை மாறும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி முகம் பளபளத்தால் போதும், எங்களுக்கு அதுதான் டாக்டர் சர்டிபிகேட்.

ஆறாவது நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கத்திவிட்டேன். பரு போயிருந்தது. சிவப்பு போயிருந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து பார்த்து, "பாத்தியா, முட்டைய நிறுத்தினதுக்கே" என்றாள். அன்று பத்து மணிக்குக் கேமராவைப் போட்டேன்.

அவர் ஏதோ ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெட்வொர்க் சரியாயிருச்சுங்களா?" என்றார்.

"ஆமா, ஆள் வந்து ரிப்பேர் பண்ணிட்டாங்க" என்றேன்.

அடுத்த பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. கேமராவை விட்டு நகராமல், தலை சீவி, பொட்டு மாற்றி, இல்லாத சந்தேகமெல்லாம் கேட்டேன். பத்தாவது நாள் தாண்டியதும் முகம் எரிய ஆரம்பித்தது. மறுநாள் சிவந்தது. அதற்கும் மறுநாள், முன்பு வந்ததெல்லாம் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நெட்வொர்க் மறுபடி கெட்டது.

காக்ஸ் டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். நடுத்தர வயது அம்மாள், கன்னடம் கலந்த தமிழ். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ட்யூபைப் பார்த்தார்.

"அய்யோ தேவரே, கடவுளே! எத்தன நாளா பூசுறே?"

"பத்தொன்பது நாள்."

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. மொதல்ல எல்லாத்தையும் அமுக்கி வெக்கும். அப்புறம் அதுவே பரு கொண்டு வரும், தோலையும் மெலிசாக்கும்."

முகத்தில் அழுக்கா, உடம்பில் சூடா என்று கேட்டேன். ஒரு காகிதத்தில் சின்னப் பள்ளம் ஒன்று வரைந்து, அதற்குள் ஒரு முடி, பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பை வரைந்தார். "இந்த வாய் அடச்சுக்குது. எண்ணெ உள்ளயே தேங்குது. கிருமி பெருகுது, வீங்குது. அழுக்கும் இல்ல, சூடும் இல்ல. ஹார்மோன் இருக்கு, வம்சம் இருக்கு. நீ தேய் தேய்னு தேச்சு கழுவினா அதுக்கு இன்னும் கோபம்தான் வரும்." ட்யூபைக் குப்பைக்கூடையில் போட்டார். காலையும் மாலையும் மென்மையாகக் கழுவ வேண்டும், படுக்கும் முன் பட்டாணி அளவு ஜெல், வெளியே போனால் சன்ஸ்கிரீன், கொஞ்ச நாளைக்கு மாத்திரை. கிள்ளவே கூடாது.

"திங்கக்கெழமைக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"எந்த திங்கக்கெழம?"

"வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள்."

வாய்விட்டுச் சிரித்தார். "மூணு மாசம் ஆகும். மொதல்ல கொஞ்ச நாள் இன்னும் மோசமா கூட தெரியும். ஸ்வல்ப பொறுமை பேக்கும்மா, கொஞ்சம் பொறுமை வேணும்." அந்த அம்மாளின் கன்னம் வேறு வெண்ணெய் மாதிரி இருந்தது. பொறுமையைப் பற்றி அந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

திங்கட்கிழமை மாஸ்க் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். டஸ்ட் அலர்ஜி என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள், பாதிப் பேருக்கு அது நிஜமாகவே இருக்கிறது. அவர் வந்தார். குதிகால் தரையில் சரியாகப் படாத மாதிரி ஒரு நடை. ஒரு வருடமாக இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்த மனிதருக்குக் கால் இருப்பதே எனக்குப் புல்லரித்தது. "மாஸ்க்ங்களா?" என்றார். "டஸ்ட்டு" என்றேன். மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். சிவனுக்குத் திங்கட்கிழமை விரதம் என்றேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். துர்க்கைக்கு என்றேன். புதன்கிழமைக்கு எவ்வளவு யோசித்தும் ஒரு சாமியும் அவசரத்துக்கு அகப்படவில்லை.

கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு தட்டு பிசிபேளே பாத், மேலே நெய், பக்கத்தில் பூந்தி. என் வயிறு அவருக்குக் கேட்கிற மாதிரி உறுமியது.

"இன்னைக்கு யாருக்குங்க விரதம்?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. மாஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "யாருக்கும் இல்ல. டஸ்ட் அலர்ஜி பொய். நெட்வொர்க் பொய். அந்த பத்து நாள் நீங்க பாத்தது ஒரு ட்யூப். இதுதான் என் மூஞ்சி. மூணு மாசம் ஆகுமாம், அதுக்கப்புறமும் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது." மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சட்டென்று வேறு பக்கம் திரும்பவில்லை. எதற்கும் நான் தயாராக இருந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன சோப்பு, தண்ணீர் குடிக்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பரு ஒன்றும் வெளியே தெரியவில்லை என்று மட்டும் பொய் சொன்னால் தட்டை அவர் தலையில் கவிழ்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் என் தாடையைப் பார்த்து, "வலிக்குதுங்களா?" என்றார்.

ஒரு வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, டாக்டர் கூடக் கேட்கவில்லை. தினமும் கண்ணாடியில் அத்தனையையும் எண்ணிய நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருக்களித்துப் படுக்க முடியாமல் எத்தனை மாதமாக மல்லாந்தே படுக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வலிக்குது" என்றேன். பிறகு, அவர் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்றே தெரியாமல், "ரொம்ப வலிக்குதுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்க முடியவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் கரண்டியைத் தொடவில்லை.