சுண்டுவிரலில் வந்த பதில்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக் கலைவாணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தறி நெய்யும் அவள் கணவன் ஆனந்தகுமாருக்கும் கேட்காது. சைகையிலேயே சண்டை போட்டு, சைகையிலேயே சமாதானமாகிறவர்கள். அவள் கர்ப்பமானதும் தெருவெல்லாம் ஒரே கேள்வி: குழந்தைக்குக் கேட்குமா?

அவளுக்கும் அதே கேள்விதான். சென்னையில் இருவரின் ரத்தத்தையும் சோதித்த டாக்டர், கேட்கவே வாய்ப்பு அதிகம் என்றார். அவளிடம் பழுதான மரபணு வேறு, அவனிடம் பழுதானது வேறு. அவளால் தர முடியாததை அவன் தருவான், அவனால் முடியாததை அவள்.

கூடப் போய் அதைச் சைகையில் சொன்ன நாத்தனார் தீபிகாவே நம்பவில்லை. "ரெண்டு பூட்டு சேந்தா சாவியாயிடுமா? டாக்டரு ஏதோ ஆறுதலுக்குச் சொல்றாருபா."

ஆனந்தகுமார் பரணிலிருந்து இரண்டு கட்டு டிசைன் அட்டைகளை இறக்கினான். சேலையில் மயில் விழுவது இந்த அட்டைகளின் துளைகளால்தான். ஒரு கட்டில் மயிலின் கழுத்துப் பகுதி கிழிந்திருந்தது, மற்றதில் தோகை. நல்ல கழுத்தையும் நல்ல தோகையையும் சேர்த்துக் கோத்து முழு மயிலைக் காட்டினான். கலைவாணி அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயில் சரி, குழந்தை?

பெண் பிறந்தது. காது சோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை யார் பொறுப்பது? தீபிகா தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். பாயில் கிடந்த குழந்தை துள்ளியது.

"பாத்தியா அண்ணி, கேக்குது!" வாயும் கையும் சேர்ந்தே பேசின.

கலைவாணி தலையை ஆட்டி மறுத்தாள். தரையைத் தட்டித் தன் பாதத்தைக் காட்டினாள். தாம்பாளம் விழுந்தது அவளுக்கும்தான் தெரிந்தது. பக்கத்து அறையில் தறி ஓடுவதையே அவள் காலால்தான் அறிவாள்.

குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்துவிட்டு, தீபிகாவைத் தன் முதுகுக்குப் பின்னால் போகச் சொன்னாள். தீபிகா கையில் பிடித்த டம்ளரை ஸ்பூனால் மெல்லத் தட்டினாள். வாசலில் நின்ற எனக்கே லேசாகத்தான் கேட்டது.

கலைவாணி சட்டென்று திரும்பினாள். 'இப்போதா தட்டினாய்?' என்று கண்ணால் கேட்டாள்.

"ஆமாம்," தீபிகா தலையசைத்தாள். குழந்தை சப்புவதை நிறுத்தியிருந்தது.

இன்னொரு தரம். மறுபடியும். ஒவ்வொரு தட்டலுக்கும் விரலைச் சுற்றிய அந்தச் சின்ன வாய் நின்றது.

"போதும் அண்ணி, டம்ளரு ஓட்டையாயிடும்!"

கலைவாணி சிரித்தாள். அடுத்த நொடியே யோசனையானாள். கேட்கிற குழந்தை. யார் பேசுவது? நேராகப் போய்த் தீபிகாவின் கைகளில் குழந்தையை வைத்து, அவள் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இத்தினி நாளா என்னை வாய மூடுன்னவங்கல்லாம் எங்கப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தீபிகா குழந்தையிடம் குனிந்தாள். "ஏய் குட்டி, உங்கப்பா மயிலு ஒண்ணு வச்சிருக்காரு, கேளு..."