வாயை ஊதச் சொன்னவள்

என்னைப் போன்ற வாயாடிக்கும் இரங்கிய ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறோம். அவர் முன்பு குடித்தவர். ஞானஸ்நானம் எடுத்தபிறகு ஆறு வருஷமாகத் தொடவில்லை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின மாதம், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்தவர் தள்ளாடிப் பாத்திக்குள் விழுந்தார். "இன்னாப்பா, காலையிலேயே ஏத்திக்கினியா?" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அதன்பிறகு அடிக்கடி தள்ளாடினார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "தல சுத்துதும்மா, காதுல ஒரே இரைச்சலா இருக்குது" என்றார். நான் நம்பவில்லை. தினமும் வாசலில் நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. ஏலக்காய் மென்று மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அவரு மறுபடியும் குடிக்கிறாரு. ஒளிச்சி வெச்சிருக்கறத ஆண்டவரு வெளிய கொண்டாரணும்னு ஜெபம் பண்ணுங்க" என்று அழுதேன். ஆண்கள் பக்கம் இருந்த அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சபையே முழங்கால் போட்டு ஜெபித்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது, நர்ஸ் வேலை பார்க்கும் எஸ்தர் என்னிடம் வந்தாள். "அக்கா, பாஸ்டர் பேசறப்ப அண்ணன் எப்பவும் வலது காதத்தான் திருப்பறாரு. இடது காது கேக்குதா? குடியில ஒரு காது மட்டும் மந்தமாவாதுக்கா." அதை நான் கவனித்ததே இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் நான்.

அவளே எங்களைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனாள். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. கேட்பதும், சாயாமல் நடப்பதும் அந்த நரம்பால்தான். அபூர்வமாக வரும், புற்றுநோய் இல்லை, மெதுவாக வளரும். ஆனால் மூளையை அழுத்தத் தொடங்கிவிட்டது, விட்டால் உயிருக்கு ஆபத்து. நான் கேட்டபடியே ஒளிந்திருந்தது வெளியே வந்தது. என் மனசின் அழுக்கும் கூடவே வந்தது.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வானூர்க்காரம்மா ஒருவர், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. கணவரைச் செக்கப்புக்கு அழைத்து வந்தவர். "எங்க வூட்டுக்காரருக்கும் இதே கட்டிதாம்மா. இப்ப வயல் வேல பாக்கறாரு. செவுத்தப் புடிச்சி நடக்க வை, அவசரப்படாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் போன் போட்டு விசாரிக்கிறார். அவரையும் ஆண்டவர்தான் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். இடது காது போய்விட்டது. வாய் லேசாகக் கோணியிருக்கிறது.

சபைக்குத் திரும்பிய நாளில் அதே இடத்தில் எழுந்து நின்றேன். "அவரு குடிக்கல. நான்தான் அபாண்டமா சொன்னேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் உட்கார்ந்தபடியே, "வுடும்மா. அன்னிக்கி நீ மானத்த வாங்கலன்னா எஸ்தரு கேட்டிருக்க மாட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

பிரியமானவர்களே, நம்பி உங்கள் பாரத்தை ஆண்டவரிடம் வையுங்கள். தப்பாகக் கேட்டவளுக்கே சரியாகக் கொடுத்தவர், உங்களைக் கைவிடமாட்டார். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பை அவரிடம் விடுங்கள்.

இப்போதும் வரப்பில் அவருக்குக் கால் தடுமாறும். நான் முகர்ந்து பார்ப்பதில்லை. முன்னால் போய் நிற்கிறேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.