வீட்டுக்குள் வந்த பச்சை மேசை

சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்னூக்கர் கிளப் இருந்தது. கிளப் என்றதும் பெரிய மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு, மேலே தகரக் கூரை, இரண்டு பெரிய மேசை, ஜன்னலோரம் ஒரு சின்ன பூல் மேசை. ஃபேன் சுற்றும், காற்று வராது. ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலை பதினொரு மணிக்கு நான் அந்தப் படி ஏறாத நாள் அபூர்வம்.

வீட்டில் யாரும் இல்லை. மகளின் பிரசவத்துக்கென்று புனேவுக்குப் போன என் மனைவி, குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், பிறகு நடக்கட்டும் என்றாள், இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைக்கு ஆள் வேண்டாமா? ஆனால் இங்கே நான் காலையில் குக்கர் வைத்தேனென்றால், ஒரு மனுஷனிடமும் வாயைத் திறக்காமல் ராத்திரி வரைக்கும் ஓட்டிவிடலாம். ஓட்டியும் இருக்கிறேன். கடைசியில் என் குரல் எனக்கே கரகரவென்று அந்நியமாகக் கேட்கும்.

அந்தச் சின்ன மேசையில் என்னோடு ஆடியவரை எல்லோரும் ரிக் என்போம். என்னை ரயில்வே என்பார்கள். கிளப்பில் அதுதான் வழக்கம். என்ன வேலை பார்த்தாரோ அதுவே பெயர். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா வாடகையா என்று எவரும் எவரையும் கேட்க மாட்டோம். வெளியே இறங்கினால் அதைத்தானே ஊர் முழுக்கக் கேட்கிறார்கள்! ரிக் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், ரிக் வண்டி என்கிற போர்வெல் லாரியில் டிரில்லராக வடநாடு முழுக்கச் சுற்றியவர். என்ன வயது என்று கேட்டதில்லை, என் வயதுதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், குறி பார்க்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும், பதற்றம் வந்தால் மூக்கைத் தேய்ப்பார் என்பதுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

வாய் மட்டும் இரண்டு பேருக்கும் அடங்காது. நான் அடித்த பந்து பாக்கெட்டில் விழாமல் திரும்பி வந்தால், “புகைதான் வருதுங்க, வேற எடம் பாருங்க” என்பார். தண்ணீர் வராத போர்வெல் குழியில் வெறும் மண் புகைதான் பறக்கும், அதைச் சொல்கிறார். அவர் யோசித்துக்கொண்டே நின்றால், சிக்னல் விழுந்து எவ்வளவு நேரமாச்சு, வண்டியை எடுங்க என்பேன். என் கண்ணாடியை, என் தொப்பையை, நான் குச்சி பிடிக்கிற அழகை அவர் திட்டாத நாளில்லை. எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். மரியாதையோடு மானத்தை வாங்குவதில் எங்கள் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. நான் ஒருநாள் உடம்பு சரியில்லாமல் போகாமலிருந்து மறுநாள் போனால், என்ன ஏது என்று கேட்கவே மாட்டார். பயந்துட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டீங்களாக்கும் என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காய்ச்சல் விட்டதும் விடாததுமாகப் படியேறுவேன்.

கார்த்திகை மாதம் ஒருநாள் கிளப்காரர் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். கட்டடத்துச் சொந்தக்காரர் காலமாகி, மகன்கள் பாகம் பிரித்து, மொத்த இடத்தையும் ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டார்களாம். கீழே துணிக்கடை, மேலே ஆபீஸ்கள், கார் நிறுத்த அடித்தளம் எல்லாம் வரப்போகிறதாம். தை பிறந்ததும் இடிப்பார்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ரோட்டில் ஏற்கெனவே இருக்கிற துணிக்கடைகளில் ஈ ஓட்டுகிறார்கள், இன்னொன்று எதற்கு என்று கத்தினேன். கிளப்காரர் பாவம், அவர் என்ன செய்வார்? அவரும் பிழைப்பு போய் நடுத்தெருவில் நிற்கிற ஆள்தான்.

ஊரில் வேறு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஐந்து ரோட்டுப் பக்கம் புதிதாக ஏ.சி. போட்டு ஒன்று திறந்திருந்தார்கள். நானும் ரிக்கும் ஒருநாள் டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். காதைப் பிளக்கிற பாட்டு. நாங்கள் நுழைந்ததும், அங்கிள் நீங்க ஆடுங்க என்று பிள்ளைகள் மேசையை விட்டுக்கொடுத்து, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அத்தனை பேர் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எவன் ஆடுவான்? ஒரு ஆட்டம்கூட முடிக்காமல் வெளியே வந்துவிட்டோம்.

கிளப்காரர் மேசைகளை விற்கிறார் என்றதும் எனக்கு அந்த யோசனை வந்தது. சின்ன மேசையை நானே வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டால் என்ன? முன்னறை சும்மாதானே கிடக்கிறது? இடம் போனால் போகட்டும், மேசையும் நானும் ரிக்கும் இருந்தால் அதுதான் கிளப். இப்படி நினைத்து, ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதுபோல் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மனைவியிடம் போனில் சொன்னேன். வீட்டைச் சத்திரமாக்கப் போகிறீர்களா என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசியில் உங்களுக்குப் பொழுது போனால் சரி என்று விட்டுவிட்டாள்.

மேசையைக் கொண்டுவந்து போட்டது பெரிய கூத்து. உள்ளே முழுக்க ஒரே கல் பலகை, லோடுமேன்கள் முக்கி முனகித் தூக்கி வந்தார்கள். சோபாவைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். சாப்பாட்டு மேசையை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். அப்படியும் ஒரு பக்கம் சுவர் இடித்தது. அங்கிருந்து அடிக்க வேண்டுமென்றால் குச்சியைச் செங்குத்தாகத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். ரிக் இதற்கு என்னென்ன திட்டப்போகிறாரோ என்று நினைத்து, தனியாக நின்று சிரித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய போன் நம்பரைக் கிளப்காரரிடம் கேட்டு வாங்கினேன். பெயர் கேட்கக் கூச்சமாக இருந்ததால் ரிக் என்றே பதிந்துகொண்டு, மறுநாள் வீட்டுக்கு ஆட வரச் சொன்னேன்.

சொன்னபடி பதினொரு மணிக்கு வந்தார். கதவைத் திறந்த எனக்கு ஒரு நிமிஷம் ஆளைத் தெரியவில்லை. கிளப்புக்கு எப்போதும் சாயம் போன பேன்ட்டில் வருகிறவர், வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். கையில் ஒரு பையில் ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட். செருப்பை ஓரமாக, ஒழுங்காக விட்டார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்து, இது மகளுங்களா, மருமகன் என்ன பண்றாருங்க என்றெல்லாம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். வேறென்ன செய்வது? மனைவி தவறிவிட்டார், ஒரே மகன், பேங்கில் வேலை, இங்கே அப்பார்ட்மென்ட் வாங்கியிருக்கிறான், அதனால்தான் ஊரைவிட்டு வந்தது என்று எல்லாம் சொன்னார். இத்தனை வருஷம் தெரியாததெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

பிறகு ஆடினோம். சுவர் இடிக்கிற பக்கம் அவருக்கு வந்தது. குச்சியைத் தூக்கிப் பிடித்துச் சிரமப்பட்டு அடித்துவிட்டு, “பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது” என்றார். கிளப்பாக இருந்தால் என் வம்சத்தையே இழுத்திருப்பார்! நான் தவறவிட்டபோது புகை என்றே அவர் சொல்லவில்லை. கொஞ்சத்துல போயிருச்சுங்க என்று ஆறுதல் சொன்னார். நான் வேண்டுமென்றே சீண்டினேன். அவர் சிரித்தார். வீட்டுக்காரர் சொல்கிற நகைச்சுவைக்கு வந்தவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

என் லட்சணமும் அதேதான். நடுவில் காபியா டீயா என்று கேட்டு அடுப்படிக்கு ஓடினேன். பால் பொங்கிவிடுமோ என்ற நினைப்பில் அடித்த பந்து எங்கோ போயிற்று. முதல் ஆட்டம் ஜெயித்ததும் உடம்பெல்லாம் கூசியது. ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துத் தோற்கடித்து அனுப்புவதா? அடுத்ததில் சுலபமான பந்தை விட்டேன். அவர் அதைவிடச் சுலபமானதை விட்டார். இரண்டு கிழங்களும் யார் முதலில் தோற்பது என்று போட்டி போட்டோம். ஆட்டம் முடிந்தபோது யார் ஜெயித்தார் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

மறுபடியும் வந்தார், மறுபடியும் பழப் பை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாம் ஆடத்தானே கூடுகிறோம், இதெல்லாம் எதற்கு என்றேன். வெறுங்கையை வீசிக்கிட்டு எப்படிங்க ஒரு ஊட்டுக்கு வர்றது என்று அவர் திருப்பிக் கேட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஃப்ரிட்ஜில் ஆப்பிள் குவிந்தது, தின்ன ஆளில்லை. பிறகு பேரனுக்குப் பரீட்சை என்றார், முழங்கால் வலி என்றார், ஊரில் ஒரு கருமாதி என்றார். போன் செய்தால், கண்டிப்பா வர்றனுங்க என்பார். வரவில்லை.

நான் தனியாக ஆடினேன். என் முறைக்கு நான், அவர் முறைக்கும் நானே. அவர் முறை வரும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். வெட்கக்கேடு, ஆனால் செய்தேன். பந்து மோதுகிற சத்தம் வெறும் சுவரில் பட்டு என் தலைக்குள்ளேயே விழும். ஒருநாள் நான் தவறவிட்டபோது, “புகைதான் வருதுங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னவுடன் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கப்புறம் மேசை மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டேன்.

மாசி மாதம் பேங்குக்குப் போய்விட்டு வரும்போது கிளப் இருந்த ரோட்டு வழியாக வந்தேன். கட்டடம் இல்லை. தகரத்தை வரிசையாக அடைத்து, உள்ளே ஜே.சி.பி. மண் தோண்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில், அந்தச் சாயம் போன பேன்ட்டில், ரிக் நின்றிருந்தார். மணி பதினொன்று தாண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

எனக்குச் சுரீர் என்று ஏறியது. நேராகப் போய், முழங்கால் வலி இங்கே நிற்கும்போது வராதா என்று கேட்டேன். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ரிக் கோபப்படவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு இங்கேதான் வந்து நிற்பதாகச் சொன்னார். மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாளாம். இவர் இருமினால்கூட ஆபீஸில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதாம். கிளப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுகிறாராம். கிளப்பை இடித்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படியானால் என் வீட்டுக்கு வருவதற்கு என்ன கேடு என்றேன்.

தகரத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“உங்க ஊட்டுக்கே வந்து உங்களத் திட்ட முடியலைங்க.”

சரி, மேசையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், சும்மா உட்கார்ந்து பேசுவோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“அங்க நானே காலை மடக்கீட்டு உக்காந்திருக்கறனுங்க.”

டீ குடித்தோம். டீக்கடையிலேயே தினம் நின்று பேசலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அன்றைக்கே முயன்றுதான் பார்த்தோம். குச்சியும் பந்தும் இல்லாமல் எதிரெதிரே நின்றால் எங்களுக்குப் பேச வரவில்லை. இந்த வருஷம் வெயில் அதிகம் என்றேன். ஆமாங்க என்றார். சர்க்கரை எப்படி இருக்கிறது என்றார். மாத்திரையில் ஓடுகிறது என்றேன். அதற்குமேல் நகரவில்லை. ஜே.சி.பி. சத்தம் இருந்ததால் அதைக் கேட்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “ஒருநாளைக்குக் குடும்பத்தோட வர்றமுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகவே புரண்டது. “அவசியம் வாங்க. அன்னைக்குச் சாப்பாடு எங்க ஊட்டுலதான்.”

அது விருந்தாளிகளுக்குச் சொல்கிற வார்த்தை என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். கிளப்பில் ஒருநாளும் நாங்கள் கும்பிட்டுக்கொண்டதில்லை. நானும் கும்பிட்டேன்.